ஜப்பானின் பழிவாங்கும் ஆவிகள்: அரண்மனையிலிருந்து கபுகி மேடைவரை

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஜப்பானியப் பேய் என்றாலே வெள்ளைத் துணி உடுத்தி, கூந்தலை முகத்தின் மேல் விரித்துப்போட்ட ஒரு பெண்தான் வருகிறாள். இது அவர்களுடைய பழைய நம்பிக்கையா, இல்லை சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டதா? அவள் ஏன் சம்பந்தமே இல்லாதவர்களையும் கொல்கிறாள்?" ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. அந்தத் தோற்றம் எங்கே உருவானது, பழிவாங்க வருவது ஏன் பெண், அந்தப் பழி யார் தலையில் போய் விழுகிறது. மூன்றாவதைத்தான் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்டதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

நான் ஜப்பானிய நாடக வரலாறு படித்து, பல ஆண்டுகளாக அதைக் கற்பித்து வருகிறேன். நோ, கபுகி என்ற இரண்டு மரபு நாடக வகைகளையும் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் அரங்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிராமத்துக் கதைகளை ஊர் ஊராகப் போய்த் திரட்டியவன் அல்ல. அந்தப் பகுதிக்குப் பிறர் திரட்டியதைத்தான் நம்பியிருக்கிறேன். எது ஆவணத்தில் இருக்கிறது, எது வழிவழியாகச் சொல்லப்படுவது, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பதில்: நம்பிக்கை ஆயிரத்து இருநூறு வருடப் பழசு. ஆனால் அந்தப் பழைய காலத்தில் நாட்டையே நடுங்கவைத்த ஆவிகள் பெரும்பாலும் ஆண்கள், அதுவும் இளவரசர்களும் அமைச்சர்களும். வெள்ளை உடுத்திய பெண் 1603 முதல் 1868 வரையிலான எடோ காலத்தில், ஓவியர்கள் கையிலும் கபுகி மேடையிலும் உருவானவள். சினிமா அவளை அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

785ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். பேரரசர் கன்மு தலைநகரை நாராவிலிருந்து நகாவொகாவுக்கு மாற்றிய மறு வருடம் அது. புதிய நகரின் கட்டுமானத்துக்குப் பொறுப்பாக இருந்த ஃபுஜிவாரா நோ தானெட்சுகு அம்பெய்து கொல்லப்பட்டார். சதியில் பங்கு உண்டென்று பேரரசரின் உடன்பிறந்த தம்பியும் பட்டத்து இளவரசருமான சவாராவைப் பிடித்தார்கள். அவர் குற்றத்தை மறுத்து, சோறு தண்ணீர் தொடாமல் கிடந்ததாகச் சொல்கிறார்கள். அவாஜி தீவுக்கு நாடு கடத்திக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. உடலைத் திருப்பிக்கூடக் கொண்டுவரவில்லை; தண்டனைப்படி தீவுக்கே எடுத்துப்போய்ப் புதைத்தார்கள்.

அப்புறம் அரண்மனையில் சாவு மேல் சாவு. பேரரசரின் தாய் போனார், பேரரசி போனார், புதிய பட்டத்து இளவரசர் நோயில் விழுந்தார். 792இல் குறி பார்த்தபோது இது சவாராவின் சீற்றம் என்று வந்தது. 794இல் தலைநகர் மறுபடியும் மாறியது, இன்றைய கியோட்டோவுக்கு. ஆவிக்குப் பயந்துதான் ஊரையே மாற்றினார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நகாவொகாவை வெள்ளம் புரட்டியெடுத்ததும் ஒரு காரணம் என்பதால் அந்தக் கூற்றை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். ஆனால் 800ஆம் ஆண்டில் நடந்ததில் சந்தேகமே இல்லை. ஒருநாளும் அரியணை ஏறாத, குற்றவாளியாகச் செத்த அந்தத் தம்பிக்குச் "சுதோ பேரரசர்" என்று பட்டம் கொடுத்தார்கள். தீர்ப்பை எழுதிய அரசே, இறந்தவன் முன்னால் அந்தத் தீர்ப்பைக் கிழித்துப்போட்டது.

இப்படி அநியாயமாகச் செத்து, மனக்குறை தீராமல் திரும்பி வருகிற ஆவியை ஜப்பானியர் ஒன்ரியோ என்கிறார்கள். அதை விரட்டுவதைவிட, மரியாதை கொடுத்து அமர்த்துவதுதான் அந்தக் காலத்து வழி. 863இல் கியோட்டோவில் கொள்ளைநோய் பரவியபோது, ஷின்சென்-என் என்ற அரச தோட்டத்தில் ஆறு ஆவிகளுக்காகப் பெரிய சாந்திச் சடங்கு நடந்தது. முதலிடம் சவாராவுக்கு. பௌத்த சூத்திரங்கள் ஓதினார்கள், வாத்தியம் வாசித்தார்கள், பிள்ளைகளை ஆடவைத்தார்கள், வித்தைகள் காட்டவைத்தார்கள். வழக்கமாக மூடிக்கிடக்கும் தோட்டத்துக் கதவைத் திறந்து ஊர்மக்களையும் உள்ளே விட்டார்கள். இது அரசாங்கத்தின் அதிகாரபூர்வ வரலாற்று நூலிலேயே பதிவாகியிருக்கிறது. எனக்கு இந்தச் செய்தியில் பிடித்தது அந்தக் கதவுதான். அநியாயம் அரண்மனைக்குள் நடந்தது. நோயில் செத்தது ஊர்மக்கள். கேட்டவரின் மூன்றாவது கேள்வியை இங்கேயே மனதில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஜூலை மாதம் கியோட்டோவில் தேர்கள் ஊர்வலம் வரும் கியோன் திருவிழாவும் 869இல் இதே மாதிரி ஒரு சாந்திச் சடங்காகத் தொடங்கியது என்பதுதான் மரபு.

சுகவாரா நோ மிச்சிசானேயின் கதை இதைவிடப் பிரபலம். 845இல் பிறந்த அறிஞர், சீனக் கவிதையில் வல்லவர், பிறப்பால் எட்ட முடியாத பதவிக்குப் படிப்பால் ஏறியவர். அரசவையில் ஆதிக்கம் செலுத்திய ஃபுஜிவாரா குடும்பத்துக்கு அது பொறுக்கவில்லை. 901இல் பொய்க் குற்றம் சாட்டித் தெற்கே தாசாய்ஃபுவுக்கு அனுப்பினார்கள். 903இல் அங்கேயே இறந்தார். அவரைக் கவிழ்த்த ஃபுஜிவாரா தோகிஹிரா 909இல் நாற்பது வயதுகூட ஆகாமல் செத்தார். 923இல் பட்டத்து இளவரசர் செத்தார். அந்த வருடமே மிச்சிசானேயின் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். போதவில்லை. 930இல் அரண்மனையின் செய்ர்யோதென் மாளிகையில் இடி விழுந்து அவையினர் பலர் மாண்டார்கள். பேரரசர் தாய்கோ படுக்கையில் விழுந்து, சில மாதங்களில் போய்விட்டார். 947இல் கியோட்டோவின் கிதானோவில் மிச்சிசானேக்குக் கோயில் எழுந்தது. அவர்தான் இன்று தென்ஜின், கல்வியின் தெய்வம். தேர்வுக் காலத்தில் ஜப்பானிய மாணவர்கள் வேண்டுதல் எழுதிய மரப்பலகையைக் கட்டிவிட்டு வருவது ஒரு காலத்தில் தலைநகரையே கதிகலங்க வைத்த ஆவியின் சன்னிதியில். இது பழங்காலத்தோடு முடிந்த வழக்கமும் இல்லை. 1156 கலகத்தில் தோற்று, சனுகிக்கு நாடு கடத்தப்பட்டு, 1164இல் அங்கேயே இறந்த முன்னாள் பேரரசர் சுதொக்குவின் ஆவியை, நவீன ஜப்பானைத் தொடங்கிவைத்த மெய்ஜி அரசு 1868இல் கியோட்டோவுக்கு அழைத்துவந்து கோயில் கட்டியிருக்கிறது.

சரி, பெண் எப்போது வருகிறாள்? எனக்குத் தெரிந்த மிக நுட்பமான பதில் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு எழுதிய "கெஞ்சியின் கதை" என்ற நாவலில் இருக்கிறது. அதில் ரொகுஜோ என்ற உயர்குலப் பெண், நாயகன் கெஞ்சியால் மெல்ல மெல்லக் கைவிடப்படுகிறாள். கமோ திருவிழா ஊர்வலத்தைப் பார்க்க அவள் யாருக்கும் தெரியாமல் மாட்டு வண்டியில் வந்து காத்திருக்கும்போது, கெஞ்சியின் மனைவி ஆவோயின் ஆட்கள் அவள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி நொறுக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் கருவுற்றிருக்கும் ஆவோய் நோயில் விழுகிறாள். ஒரு கட்டத்தில் அவள் வாயிலிருந்து கெஞ்சி கேட்பது ரொகுஜோவின் குரல். இங்கே ரொகுஜோ உயிரோடு இருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். உடம்பு ஓரிடத்தில் கிடக்க, மனம் அவளை மீறிக் கிளம்பிப் போகிறது. பேயோட்டும் வேள்வித் தீயில் கசகசா இடுவார்கள். தன் வீட்டில், எங்கும் போகாமல் இருந்த ரொகுஜோவின் துணியில் அந்தக் கசகசாப் புகை வாடை அடிக்கிறது. தலையை அலசுகிறாள், துணியை மாற்றுகிறாள், வாடை போகவில்லை. தான் செய்தது என்ன என்று ஒரு பெண் தன் கூந்தலின் வாடையிலிருந்து தெரிந்துகொள்ளும் அந்த இடத்துக்கு இணையாக ஆவி இலக்கியத்தில் வேறொன்றை நான் படித்ததில்லை.

முராசாகி ஆவிகளை அப்படியே நம்பியவரா என்பதும் சுவாரசியமான விஷயம். அவருடைய கவிதைத் தொகுப்பில், பேய் பிடித்த மனைவியையும் அவளைப் பிடித்திருக்கும் முதல் மனைவியின் ஆவியையும் காட்டும் ஓர் ஓவியத்தைப் பார்த்து எழுதிய பாட்டு இருக்கிறது. இறந்தவள் மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் அவதிப்படுகிறானே, அவனை ஆட்டுவது அவன் மனத்துக்குள்ளேயே இருக்கும் பேய்தானோ என்பது அதன் கருத்து. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் எழுத்தாளர் இப்படிக் கேட்டிருக்கிறார். ஆகவே "அந்தக் காலத்து மக்கள் எல்லாவற்றையும் நம்பினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட என்னால் முடியாது.

இந்த அத்தியாயம் பிற்பாடு "ஆவோய் நோ உவே" என்ற நோ நாடகம் ஆகியது. நோயாளியான ஆவோய் மேடைக்கு வருவதே இல்லை. மேடையின் முன்பக்கத்தில் ஒரு பட்டு அங்கியை மடித்துக் கிடத்திவிடுவார்கள், அதுதான் ஆவோய். முதல் பாதியில் ரொகுஜோ, கண்ணில் பொன் தீட்டிய டெய்கன் முகமூடியோடு வந்து அந்த அங்கியை விசிறியால் அடிக்கிறாள். இரண்டாம் பாதியில் இரண்டு கொம்பும் பிளந்த வாயுமாக ஹன்னியா முகமூடி. இதை நினைவுப்பொருள் கடையில் தொங்கவிட்டுப் பார்த்தால் வெறும் கோர முகம்தான். மேடையில் நடிகர் தலையை லேசாகக் குனியும்போது புருவ மேட்டின் நிழல் கண்ணில் விழுந்து, அழுகிற முகமாகிவிடும்; நிமிர்த்தினால் மறுபடி உக்கிரம். மலையிலிருந்து வந்த துறவி ஜெபமாலையை உருட்டி மந்திரம் சொல்லச் சொல்ல அவள் பின்வாங்குகிறாள். கடைசியில் அவள் சாவதில்லை, தோற்றோடுவதும் இல்லை. மந்திர ஒலியைக் கேட்டு மனம் ஆறுகிறாள். நோ நாடகத்து ஆவிகள் பெரும்பாலும் இப்படித்தான். பழிவாங்க வருகிறவர்கள் குறைவு. தன் கதையைக் கேட்க ஒருவர் வேண்டும், தனக்காக ஒரு பிரார்த்தனை வேண்டும் என்று வருகிறவர்களே அதிகம். "ஃபுனா பென்கெய்" நாடகத்தில் கடலில் மூழ்கிச் செத்த தாய்ரா தோமோமோரி, எதிரியின் படகை மூழ்கடிக்க ஆயுதம் ஏந்தி அலைமேல் வருவது போன்றவை அந்த மரபில் விதிவிலக்கு என்றே சொல்லலாம்.

இனி எடோ. இங்கே எல்லாம் தலைகீழாகிறது. அரண்மனை மறைந்து, வாடகை வீடு வருகிறது. கேட்டவர் கண்ட பெண்ணின் மூலப் படிவம் ஒய்வா. ட்சுருயா நன்போக்கு எழுதிய "தோகாய்தோ யோட்சுயா கெய்தான்" என்ற கபுகி நாடகத்தின் நாயகி அவள். அது 1825இல், இன்றைய டோக்கியோவான எடோ நகரின் நகாமுரா அரங்கில் முதன்முதலாக ஏறியது. அதுவும் தனியாக இல்லை. இறந்த எஜமானுக்காகப் பழிவாங்கிய நாற்பத்தேழு சாமுராய்களின் புகழ்பெற்ற நாடகமான "சூஷின்குரா"வோடு பின்னி, இரண்டு நாள் நிகழ்ச்சியாகப் போட்டார்கள். ஒரு பக்கம் எஜமான விசுவாசத்தின் காவியம். இன்னொரு பக்கம், அதே எஜமானிடம் வேலை பார்த்து, எல்லா விசுவாசத்தையும் உதறிய இயெமொன் என்ற சாமுராயின் வீட்டுக்குள் நடக்கும் கதை. அன்றைய பார்வையாளர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள் என்பது தெரியாவிட்டால் நன்போக்குவின் துணிச்சல் பாதிதான் புரியும்.

கதை இது. வேலை போன இயெமொன் குடை ஒட்டிப் பிழைக்கிறான். மனைவி ஒய்வா குழந்தை பெற்று எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். அவள் அப்பாவைக் கொன்றவனே இயெமொன்தான் என்பது அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பணக்காரர் இதோவின் பேத்திக்கு இயெமொன் மேல் ஆசை. அந்த வீட்டிலிருந்து "பிரசவ மருந்து" என்று ஒரு பொட்டலம் வருகிறது. ஒய்வா அதை உண்ணும் காட்சியை நல்ல நடிகர் நடித்துப் பார்க்கவேண்டும். அவசரமே இருக்காது. பக்கத்து வீட்டுத் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறாள். பொடியை வாயில் போட்டுக்கொள்கிறாள். காகிதத்தில் ஒட்டியிருக்கும் மிச்சத்தையும் வீணாக்காமல் தட்டி உள்ளங்கையில் எடுத்துக்கொள்கிறாள். அது முகத்தை அழிக்கிற விஷம் என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும், அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. அவள் நன்றி சொல்லச் சொல்ல நமக்கு வயிறு பிசைகிறது.

அப்புறம் இயெமொன் வந்து அடகு வைக்கப் பொருள் தேடுகிறான். கொசுவலையைப் பிடுங்குகிறான். குழந்தையைக் கொசு கடிக்குமே என்று அவள் வலையை விடாமல் பற்ற, நகம் பிய்ந்து ரத்தம் வருகிறது. வீட்டில் இருக்கும் தகுயெட்சு என்பவன் கடைசியில் உண்மையைச் சொல்லிக் கண்ணாடியைக் காட்டுகிறான். அவள் அலறிக்கொண்டே இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் "நன்றி" சொல்லிவிட்டு வரப்போவதாகச் சொல்லி, மணமான பெண்ணின் முறைப்படி பல்லுக்குக் கறுப்பு பூசுகிறாள், தலை வாருகிறாள். சீப்பை இழுக்க இழுக்க முடி கொத்துக் கொத்தாக வந்துவிடுகிறது. உதிர்ந்த முடியை அவள் கையில் திரட்டிப் பிழியும்போது ரத்தம் சொட்டுகிறது. கபுகியில் தலைவாரும் காட்சி என்றால் அது காதல் காட்சி. காதலனின் தலையைப் பெண் வாரிவிடுவாள், பின்னால் மெல்லிய பாட்டு ஓடும். அந்த வழக்கத்தை நன்றாகத் தெரிந்தவர்களுக்காக நன்போக்கு அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். ஒய்வா சாவதுகூடக் கொலையாக அல்ல. தடுமாறி நடக்கும்போது, தூணில் பாய்ந்து நிற்கும் வாள் அவள் கழுத்தை அறுத்துவிடுகிறது.

இயெமொன் வேலைக்காரன் கொஹெய்யையும் கொன்று, இருவரும் கள்ளக்காதலர்கள் என்று காட்ட, ஒரு கதவுப் பலகையின் இரு பக்கமும் இரண்டு உடல்களையும் ஆணியடித்து ஆற்றில் விடுகிறான். பிறகு அவன் மீன் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கால்வாயில் அந்தப் பலகை மிதந்து வருகிறது. ஒரு பக்கம் ஒய்வா பேசுகிறாள். பலகையைத் திருப்பினால் கொஹெய். இரண்டும் ஒரே நடிகர்! பலகையில் ஓட்டை இருக்கும், உடல்களின் உடைகள் பலகையிலேயே தயாராகப் பொருத்தியிருக்கும். நடிகர் முகத்தை நுழைத்து, சட்டென்று எடுத்து, ஒப்பனை மாற்றி மறுபடி நுழைக்கிறார். முதல் அரங்கேற்றத்தில் இதைச் செய்தவர் மூன்றாம் ஒனோஎ கிகுகோரோ. எரிகிற காகித விளக்குக்குள்ளிருந்து ஒய்வா வழுக்கி வெளியே வரும் புகழ்பெற்ற காட்சி அப்போது இல்லை. 1831 வாக்கில் சேர்ந்தது. ஓவியர் ஹொகுசாய் அந்த விளக்கையே ஒய்வாவின் முகமாக வரைந்த படம் வந்ததும் அதை ஒட்டிய காலத்தில்தான்.

உண்மையான ஒய்வா யார் என்று கேட்டால், டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் அவள் பெயரில் உள்ள சிறு கோயிலின் மரபு வேறு கதை சொல்கிறது. அவள் தாமியா குடும்பத்தின் உழைப்பாளி மனைவி, குடும்பத்தை நிமிர்த்தியவள், 1636இல் இறந்தவள், விஷமும் இல்லை பழியும் இல்லை. அது கோயில் சொல்வது. நாடகம் அதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வருடம் கழித்து வந்தது என்பது மட்டும் உறுதி. இன்றும் இந்த நாடகத்தைப் போடும் குழுவினர் முன்கூட்டியே அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஒத்திகை பார்க்கிறார்கள். கும்பிடாவிட்டால் விபத்து நடக்கும் என்ற பேச்சு உண்டு. இருட்டு மேடை, பொறிக்கதவுகள், நெருப்பு, நொடியில் உடை மாற்றம் எல்லாம் சேர்ந்த நாடகத்தில் அடிபடுவது இயல்புதான் என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கும்பிடுதலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அது 863இன் சாந்திச் சடங்கு நாடகக்காரர்கள் வடிவத்தில் இன்னும் உயிரோடு இருப்பது.

இப்போது முதல் கேள்விக்கு, அதாவது தோற்றத்துக்கு. வெள்ளைத் துணி பிணத்துக்கு உடுத்துவது. உயிரோடு இருப்பவர்கள் கிமோனோவின் இடது பக்கத்தை மேலே வைத்துக் கட்டுவார்கள். இறந்தவருக்கு மாற்றிக் கட்டுவார்கள். நெற்றியில் முக்கோணத் துணியும் பிணத்துக்குரியதே. எடோ காலத்துப் பெண் கூந்தலை எண்ணெய் தடவி உயரமாகக் கட்டியிருப்பாள். அது அவிழ்ந்து கிடந்தால் பார்த்தவுடனேயே ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று புரியும். கால் இல்லாத பேயைக் கண்டுபிடித்தவர் ஓவியர் மருயாமா ஓக்யோ, 1733 முதல் 1795 வரை வாழ்ந்தவர், என்று எங்கும் எழுதுகிறார்கள். அவர் அதைப் பிரபலமாக்கினார் என்பது வரைக்கும் சரி. அவர் பிறப்பதற்கு முன்பே அச்சான நாடகப் புத்தகப் படங்களில் காலில்லாத ஆவி இருப்பதால், கண்டுபிடித்தார் என்று சொல்வது தவறு. மேடையில் இதற்காக இடுப்புக்குக் கீழே குறுகிக்கொண்டே போய்த் தரையில் இழையும் உடை செய்தார்கள். பெரிய மேளத்தை நீண்ட குச்சியால் தொரோதொரோ என்று மெதுவாக உருட்டி, மேலே புல்லாங்குழலை இழைத்தார்கள். இன்றும் ஜப்பானியக் குழந்தைகள் பேய் விளையாட்டில் எழுப்புவது அந்த ஒலிதான். கறுப்பு உடை அணிந்த உதவியாள், கழி நுனியில் சாராயம் நனைத்த துணியைக் கொளுத்தி, ஆவியின் பக்கத்தில் நீலச் சுடரை மிதக்கவிட்டார்.

கோடையில் ஏன் பேய் நாடகம் என்பதற்கு "உடம்பு சில்லிடத்தான்" என்ற பதில் பின்னாளில் வந்தது. இறந்தவர்கள் வீடு திரும்புவதாக நம்பப்படும் ஒபோன் ஏழாம் மாதத்தில் வருகிறது, நம் மகாளய பட்சம் மாதிரி. அதோடு, கடும் வெயிலில் பெரிய நடிகர்கள் ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்கள் தண்ணீர், தந்திரம், பயம் ஆகியவற்றை வைத்துக் கூட்டம் சேர்த்தாக வேண்டும். 1804 கோடையில் நன்போக்குவும் நடிகர் ஒனோஎ மாட்சுசுகேவும் போட்ட ஒரு நாடகம் பெருவெற்றி பெற, அதுவே வழக்கமாகிவிட்டது.

ஏன் பெண் என்பதற்கு ஆவணச் சான்று எதையும் காட்ட முடியாது; இது என் வாசிப்பு. ஒன்ரியோ என்பது முறையிட இடமில்லாதவரின் முறையீடு. 794இல் கியோட்டோ தலைநகரானதிலிருந்து தொடங்கும் ஹெய்யான் காலத்தில் அநியாயம் நடந்தால் நாடே அதிரக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் அரசியலில் வீழ்ந்த ஆண்கள். எடோ நகரத்துச் சாதாரண மனிதன் கண்முன் பார்த்த அநியாயம் வீட்டுக்குள் நடந்தது. கணவனோ எஜமானனோ செய்ததைக் கேட்க மனைவிக்கும் வேலைக்காரிக்கும் வழி அநேகமாக இல்லை. ஒகிகு என்ற வேலைக்காரி எஜமானின் பத்துத் தட்டுகளில் ஒன்றைத் தொலைத்ததாகக் கொல்லப்பட்டு, கிணற்றிலிருந்து இரவெல்லாம் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிக் கதறுகிறாள். ஹிமேஜி கோட்டையில் இன்றும் அவள் பெயரில் ஒரு கிணற்றைக் காட்டுகிறார்கள். எடோ நகரமும் அதே கதையைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்கிறது. எது மூலம் என்பது தீராத வழக்கு. ஆண் ஆவியும் முற்றிலும் மறையவில்லை. வரிக்கொடுமையை எதிர்த்து மேலே மனுக் கொடுத்ததற்காகக் குடும்பத்தோடு கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் விவசாயத் தலைவர் சாகுரா சோகோரோ, 1851இல் கபுகி மேடையில் ஆவியாக வந்து நிலப்பிரபுவை அலைக்கழித்தார். பாருங்கள், அவரும் முறையீடு கேட்கப்படாதவரே.

பெண் ஆவி எல்லாம் பழிக்காக வருகிறவள் என்றும் எண்ண வேண்டாம். கர்ப்பிணியாகப் புதைக்கப்பட்டு, கல்லறைக்குள் பிறந்த குழந்தைக்காக இரவுதோறும் கடைக்கு வந்து மிட்டாய் வாங்கும் தாயின் கதை ஜப்பானில் பல ஊர்களில் உண்டு. கியோட்டோவில் அந்த மிட்டாயை இன்றும் விற்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி. ஒய்வா சம்பந்தமில்லாதவர்களைக் கண்டபடி கொல்வதில்லை. இன்னும் சொல்லப்போனால், முக்கியமான கொலைகளை அவள் தன் கையால் செய்வதே இல்லை. இயெமொனின் புது மணநாள் இரவில் மணப்பெண்ணின் முகம் ஒய்வாவின் முகமாகத் தெரிகிறது. அவன் வாளை வீசுகிறான், விழுவது மணப்பெண்ணின் தலை. அவளுடைய தாத்தா கொஹெய்யாகத் தெரிகிறார். அவர் தலையும் போகிறது. அதாவது விஷம் அனுப்பிய வீட்டைக் கொலைகாரனின் கையாலேயே அழிக்கிறாள். அவனுடைய கடைசிக் கணக்கை முடிப்பதும் உயிரோடு இருக்கும் ஒருவரின் வாள்தான். எடோ மேடையின் பழி பெரும்பாலும் முகவரி தெரிந்து போய்ச் சேரும் பழி. யாரென்று பார்க்காமல், தொட்டவர் எல்லோரையும் தொற்றிக்கொள்ளும் பழியை அங்கே நான் அதிகம் பார்த்ததில்லை. அது 863இல் பரவிய கொள்ளைநோயின் குணம். என் கருத்தில், இப்போதைய திரைப்படங்கள் தோற்றத்தை ஒய்வாவிடமும், கிணற்றை ஒகிகுவிடமும், பரவும் விதத்தைச் சவாராவிடமும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இயக்குநர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சவாராவின் கோபத்துக்கு ஒரு முடிவு இருந்தது: பட்டம் கொடுக்கலாம், சடங்கு செய்யலாம். ரொகுஜோவுக்கு மந்திரம் இருந்தது. திரைப்படத்துப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவும் யாருக்கும் வழி வைக்கவில்லை. அவள் ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறாள் என்பதற்கு அது பாதிப் பதில்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால், ஆகஸ்டில் டோக்கியோவின் யானகா பகுதியில் உள்ள சென்ஷோ-ஆன் கோயிலுக்குப் போங்கள். பேய்க்கதை சொல்வதில் பெயர்பெற்ற சன்யூதெய் என்ச்சோ, 1900இல் இறந்தவர், சேர்த்துவைத்த பேய் ஓவியங்களை அந்த மாதத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள். ஓக்யோ வரைந்ததாகச் சொல்லப்படும் ஒன்றும் அதில் உண்டு. நாடகம் என்றால் முதலில் "ஆவோய் நோ உவே"யைப் பாருங்கள். அதிக நேரம் ஓடாது, கதை தெரிந்தால் மொழி தெரியாமலும் தொடரலாம். ஒய்வாவின் யோட்சுயா நாடகத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அது நீளமானது, மருந்து உண்ணும் காட்சியின்போது மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.